முப்பது கண்ணி, ஒரு கொசுறு

எனக்குக் காசநோய் வந்தது. இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செஞ்சி பஜாரில் இதைச் சொல்லும்போது எல்லோருக்கும் குரல் தாழ்ந்துபோகிறது. "அந்த வியாதி" என்பார்கள். "நெஞ்சு சரியில்லையாம்" என்பார்கள். கொலை செய்துவிட்டு ஜெயிலுக்குப் போனவனைப் பற்றிக்கூட நம் ஊரில் வாய் நிறையப் பேசுவார்கள். நான் என்ன செய்தேன்? இருமினேன். அவ்வளவுதான்.

என் பெயர் தரணேந்திரன். கமிஷன் மண்டியில் மல்லாட்டை எடை போடுகிற வேலை. வெளியூர்க்காரர்கள் அதை நிலக்கடலை என்பார்கள். தராசில் ஏற்றி இறக்கி, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே போவேன். மண்டியில் யாரும் ஒன்றிலிருந்து எண்ண மாட்டோம். முதல் எண் லாபம். கணக்கு முடிந்ததும் ஒரு கை அள்ளிக் கூடப் போடுவோம், அது கொசுறு. கேட்டாலும் உண்டு, கேட்காவிட்டாலும் உண்டு. கொசுறு போடாமல் எடையை முடித்தால் எனக்குக் கை அரிக்கும்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள், எண்ணிக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. அது பல வாரமாக வந்துகொண்டிருந்த இருமல்தான். தூசு என்று நினைத்திருந்தேன். மண்டியில் தூசுக்கா பஞ்சம்? அன்றைக்குத் துண்டால் வாயைத் துடைத்தபோது துண்டு சிவந்திருந்தது. மூட்டைக்காரர் அதைப் பார்த்தார். பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். அந்த இரண்டடிதான் என் வியாதியின் முதல் நாள்.

படம் பிடித்தார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு வட்டத்தைத் தொட்டார். "இது பொத்தல். கிருமி தின்ன இடம்" என்றார். அப்புறம் காலை எழுந்ததும் வருகிற சளியை ஒரு சின்ன டப்பாவில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அதைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். கிருமி கண்ணுக்குத் தெரிந்தால் பாசிட்டிவ். அப்படியென்றால் இருமும்போது அடுத்தவனுக்கும் கொடுப்பாய். தெரியாவிட்டால் நெகட்டிவ். எனக்குப் பாசிட்டிவ். நல்ல வார்த்தை எல்லாம் கெட்ட சேதிக்கு வருவதை அன்றைக்குத்தான் கண்டேன்.

சேதி அனந்தபுரத்துக்கு எப்படிப் போனதோ, மறுநாளே என் மாமனார் வந்து நின்றார். அப்பாண்டை நைனார் என்றால் அந்தப் பக்கம் தெரியாதவர் கிடையாது. வெள்ளை வேட்டியில் கறை பட்டு யாரும் பார்த்ததில்லை. நாங்கள் தமிழ் ஜைனர்கள்; நைனார் என்பது எங்கள் பட்டம், நைனா என்றால் அப்பா. மாமனார் எங்கள் எல்லோரிலும் ஆசாரக்காரர். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்று பேசினார்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. பத்மாவையும் கொழந்தையையும் கூட்டிம்போறேன். என் தம்பி இந்த வியாதில எங்க பின்கட்டுலயே இருமி இருமிச் செத்தான். நான் பாத்திருக்கேன். வியாதி போவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"எப்ப போவும்னு யாரு சொல்லுவாங்க மாமா? டாக்டரா, நீங்களா?"

அவர் வாசலிலிருந்தே பத்மாவைக் கூப்பிட்டார். என் மனைவி பத்மா துணிமூட்டையை இரண்டு தடவை கட்டி இரண்டு தடவை அவிழ்த்தாள். எங்கள் மகள் சுமதிக்கு அப்போது ஐந்து வயது. தாத்தா ஊருக்குப் போகிறோம் என்று குதித்தாள். பஸ் கிளம்பியபோது எனக்கு வியாதியின் மேல் வராத கோபமெல்லாம் அந்த வெள்ளை வேட்டியின் மேல் வந்தது. செத்தாலும் பரவாயில்லை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவன், அந்த ஆள் முன்னால் சாகக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஆஸ்பத்திரி ரயில்பாதை ஓரமாக இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். நீள வார்டு, இரண்டு பக்கமும் கட்டில், எல்லா ஜன்னலும் எப்போதும் திறந்திருக்கும். காற்றுதான் பாதி மருந்து என்றார்கள். மீதிப் பாதி ஊசியும் மாத்திரையும். ஊசி தினமும் இடுப்புக்குக் கீழே. நாள் ஆக ஆகக் காதுக்குள் சில்வண்டு கத்தும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிவப்பு மாத்திரை. அதைப் போட்ட முதல் நாள் சிறுநீர் செக்கச்செவேலென்று போனதைப் பார்த்து, இத்தோடு முடிந்தது கதை என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது மாத்திரையின் சாயம்தான் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சில வாரம் அந்த மாத்திரை ஸ்டாக் இல்லை என்பார்கள். வெளியே வாங்கி வருவாள் என் அக்கா சுனந்தா. எப்படி வாங்கினாய் என்று கேட்டால், "ஒனக்கு எதுக்கு அந்தப் பேச்சு? வாயத் தொற" என்பாள்.

அந்த வார்டில் நான் இரண்டு விஷயத்துக்குக் கெட்ட பெயர் எடுத்தேன். ஒன்று, முட்டை. தினம் ஒரு முட்டை தின்றால்தான் சதை பிடிக்கும் என்றார் டாக்டர். தொடமாட்டேன் என்றேன். இரண்டாவது, ராத்திரிச் சாப்பாடு. பொழுது சாய்ந்த பிறகு நாங்கள் சாப்பிடுவதில்லை. விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி புழு சோற்றில் விழுந்து சாகும் என்பது எங்கள் நம்பிக்கை. வார்டில் சாப்பாட்டு வண்டி வருவதே விளக்கு போட்ட பிறகுதான்.

"இங்க ஒனக்குன்னு தனி சூரியன் வைக்க முடியுமா?" என்றார் ஏலியாம்மா சிஸ்டர். கேரளத்துக் கன்னியாஸ்திரீ, வார்டு நர்ஸ். கறாரான மனுஷி.

"சூரியன் வேணாம் சிஸ்டர். வண்டிய வெளக்குக்கு முன்னால வரச் சொல்லுங்க."

இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். மாத்திரை குடலைப் பிராண்டியது. மூன்றாம் நாள் வெயில் இருக்கும்போதே ஒரு தட்டு, மேலே இன்னொரு தட்டு கவிழ்த்து, என் கட்டிலுக்கு வந்தது. கொண்டுவந்து வைத்தவர் சிஸ்டர். முட்டைக்குப் பதில் அக்கா வறுத்துக் கொண்டுவரும் மல்லாட்டையைக் கொறித்தேன். அதிலேயே எடை ஏறியது. டாக்டர் எடைக் கருவியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

மதியம் கட்டாய ஓய்வு. பேசக்கூடாது, நடக்கக்கூடாது, படுத்தே கிடக்க வேண்டும். மூட்டை தூக்கிய கைக்கு அது பெரிய தண்டனை. ஏலியாம்மா சிஸ்டர் அந்த நேரம் வார்டு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இந்த ஊரு வெயிலுக்கு ஸ்வெட்டரா? யாரைக் கொல்றதுக்கு?" என்று தினமும் கேட்பேன். ஒரு நாள் அவர் எழுந்து வந்து இரண்டு ஊசியையும் ஒரு மிச்ச நூல் உருண்டையையும் என் நெஞ்சின்மேல் போட்டார். "கை வேல செஞ்சா வாய் மூடும்" என்றார்.

பக்கத்துக் கட்டில் கன்னியப்பன் சிரித்தான். தளவானூர்க்காரன், லாரி டிரைவர். "இன்னா நைனாரே, பொம்பள வேலையெல்லாம் எறங்கிட்டீங்க?"

"நீ ஸ்டியரிங்க விட்டுட்டுச் சளி டப்பாவப் புடிச்சிருக்க. அது மட்டும் ஆம்பள வேலையா?"

மறுநாள் அவனும் ஊசி கேட்டான். படுத்துக் கிடப்பது யாருக்குத்தான் பிடிக்கும்?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பின்னல் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. முதலில் ஓர் ஊசியில் வரிசையாக நூல் வளையங்களை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. இன்னொரு ஊசியால் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நுழைந்து புதுக் கண்ணியை இழுத்துக்கொண்டே போனால் ஒரு வரிசை. நூல் ஊசிக்குப் பின்னால் இருந்தால் அது நிட். கண்ணி நம்மைப் பார்த்து மழமழவென்று உட்காரும். நூலை முன்னால் கொண்டுவந்து போட்டால் அது பர்ல். நம் பக்கம் ஒரு சின்னக் குமிழ் நிற்கும். திருப்பிப் பார்த்தால் குமிழ் மழமழப்பாகவும், மழமழப்பு குமிழாகவும் தெரியும். மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

"முப்பது கண்ணி ஏத்து. ஒரு நிட், ஒரு பர்ல், வரிசை முழுக்க அப்படி. திருப்பு, மறுபடியும் ஒரு நிட், ஒரு பர்ல். மப்ளர் வரும்" என்றார் சிஸ்டர்.

ஏற்றினேன். லாபம், ரெண்டு, மூணு. முப்பது வந்ததும் கை நிற்கவில்லை, கொசுறாக ஒன்றைச் சேர்த்துவிட்டது. நான் அதை யோசித்துச் செய்யவில்லை. கன்னியப்பன் சொன்னபடி முப்பதோடு நிறுத்தினான்.

விரல் நீளம் வந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவனுடையது உழவு போட்ட மாதிரி நேர் வரியாக, மேடும் பள்ளமுமாக ஓடியது. என்னுடையதில் வரியே இல்லை. துணி முழுக்கப் பொரிப் பொரியாகக் குமிழ். சிஸ்டர் எண்ணிப் பார்த்தார். "முப்பத்தொண்ணு! யார் சொன்னா? ஒத்தப்படை ஆனா ஒவ்வொரு வரிசையும் நிட்டிலயே ஆரம்பிச்சு நிட்டிலயே முடியும். திருப்பினா மழமழ மேல குமிழ் வந்து உக்காரும். தப்பு. பிரி."

"பிரிக்க மாட்டேன்."

"தப்பா இருக்கு தரணேந்திரன்."

"கொசுறு தப்பு கெடையாது சிஸ்டர். இது எப்படி இருக்குது பாருங்க, மல்லாட்டத் தோலு மாதிரி. நான் இப்பிடித்தான் போடுவேன்."

எனக்கே ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. வீட்டைப் பிரித்துவிட்டார்கள், வேலையைப் பிரித்துவிட்டார்கள், குடிக்கிற டம்ளரைக்கூடத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். இதையும் நானே பிரிக்க வேண்டுமா? ஊசியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். மறுநாள் சிஸ்டர் வந்து, "எங்க மடத்துல மூத்த சிஸ்டர்கிட்ட சொல்லிக் கேட்டேன். அது அரிசிப் பின்னலாம். அப்படி ஒண்ணு இருக்காம்" என்றார். அரிசி இல்லை, மல்லாட்டை என்று திருத்தினேன்.

மிச்ச நூல் தீர்ந்துபோனது; அக்காவிடம் சொன்னேன். அடுத்த முறை அக்கா வந்தபோது மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நல்ல கிளிப்பச்சையில் நான்கு உருண்டை.

"பத்மா குடுத்தா. சுமதிக்கு வளையல் வாங்கணும்னு அவங்க நைனாகிட்ட சொல்லிட்டு செஞ்சிக்கு வந்தா. நீ நூலு இல்லாம இருக்கறன்னு சொன்னேன். ஃபேன்சி ஸ்டோர்ல இந்தக் கலருதான் இருந்துச்சாம். ஆட்டு ரோமம் இல்ல, மில்லு நூலுதான்னு கடைக்காரர்கிட்ட ரெண்டு தரம் கேட்டுக்கினாளாம்."

"வேற இன்னா சொன்னா?"

"இன்னா சொல்லுவா? பஸ் ஏறங்காட்டியும் அழுதுக்கினே இருந்தா."

அந்த நூலை முகத்தில் வைத்துக்கொண்டேன். புது நூலின் நாற்றம்தான் அடித்தது. ஆனாலும் அது அவள் கை பட்டது. அப்போதே முடிவு செய்தேன்: இந்த மப்ளர் பத்மாவுக்கு இல்லை, எனக்கும் இல்லை. என் வாசற்படியைத் தாண்டாத அப்பாண்டை நைனாரின் கழுத்துக்கு. மார்கழிக்குள் முடிப்பேன். சொன்னதும் கன்னியப்பனுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "கிளிப்பச்சையா! அந்த வெள்ள வேட்டிக்கா!"

மறுபடியும் முப்பது ஏற்றி, இந்தத் தடவை வேண்டுமென்றே கொசுறு போட்டேன்.

நடுவில் ஒரு சளிப் பரிசோதனை வந்தது. அதற்குள் கிருமி போயிருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எனக்கு எடை ஏறியிருந்தது, காய்ச்சல் நின்றிருந்தது, ரத்தம் வரவே இல்லை. ஆனாலும் பாசிட்டிவ். டாக்டர் "சிலருக்கு லேட் ஆகும்" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமனாரின் தம்பி முகம் தெரியாத ஆள்; அன்றைக்கு அவர் என் கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. பயமில்லை என்று எழுதினால் பொய். சுமதிக்கு என் முகம் மறந்துபோகும் என்று நினைத்து நினைத்து, தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். அந்த வாரம் பின்னியதை இன்றைக்குப் பார்த்தாலும் தெரியும், கண்ணியெல்லாம் கழுத்தை நெரித்த மாதிரி இறுகிக் கிடக்கும். ஆனால் ஊசியைக் கீழே வைக்கவில்லை. "ஒனக்குப் பிடிவாதம்தான் வியாதி" என்றார் ஏலியாம்மா சிஸ்டர், மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே. "அந்த வியாதிக்கு மருந்து கண்டுபுடிக்காம இருக்கட்டும்."

அடுத்த பரிசோதனை நெகட்டிவ். அதற்கடுத்ததும் நெகட்டிவ். இனி யாருக்கும் பரவாது, மாத்திரையை மட்டும் வீட்டிலிருந்து விடாமல் போட வேண்டும் என்று அனுப்பிவைத்தார்கள். கன்னியப்பன் கட்டிலிலிருந்தே கை ஆட்டினான். அவனுடைய மப்ளர் அப்போதும் ஒரு முழம்தான் இருந்தது.

செஞ்சிக்கு டிக்கெட் எடுக்கவில்லை. அனந்தபுரத்தில் இறங்கினேன்.

மார்கழிப் பொழுது சீக்கிரம் சாயும். நான் தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் வீட்டுச் சுவர்களின் மேல்பாதிக்கு ஏறியிருந்தது. மாமனார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எனக்காக இல்லை. சாப்பிட உட்காரும் முன் வாசலுக்கு வந்து, பசித்தவர் யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்துவிட்டுத்தான் அவர் இலையில் உட்காருவார். தினமும் அப்படித்தான். அன்றைக்குத் தெருவில் வந்தவன் நான்.

"மாப்ள…" என்றார். கை தானாக நீண்டு, நில் என்றது.

"நெகட்டிவ் மாமா. கிருமி இல்ல. யாருக்கும் ஒட்டாது."

"டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. ஒரு வருஷம் போவட்டும். இப்பிடியே வெளி நடையில உக்காருங்க, எல போடச் சொல்றேன். பொழுது போவுது."

"உள்ள, உங்க பக்கத்துல எல போட்டா சாப்புடறேன். இல்லாங்காட்டி வேணாம்."

"வெயில் எறங்கிட்டா நீங்களும் சாப்புட மாட்டீங்க, மாத்திர போட்ட ஒடம்பு…"

"ஆமா. விடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்."

பையைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அவருக்கு முகம் கறுத்தது. வாசலில் ஒருத்தன் பட்டினி கிடக்க, அவர் எப்படி இலையில் கை வைப்பார்? அது அவர் உயிரினும் பெரிதாக வைத்திருந்த தர்மம். உள்ளே விடவும் பயம். கூசாமல் சொல்கிறேன், அவர் பயத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சுவரில் வெயில் ஓட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது. நான் அவரைப் பார்த்தேன், அவர் வெயிலைப் பார்த்தார்.

பத்மா வெளியே வந்தாள். மாமியார் காலமாகிப் பல வருஷம், அந்த வீட்டில் இலை போடுகிறவள் அவள்தான். கையில் இரண்டு இலை இருந்தது. இளைத்திருந்தாள். நேராக வந்து ஓர் இலையை என் முன்னால் விரித்தாள், இன்னொன்றை ஒட்டிப் பக்கத்தில் விரித்தாள்.

"பத்மா, இன்னா பண்ற?"

"அவரு உள்ள வரக்கூடாதுன்னா நான் வெளிய வரேன் நைனா. இத்தினி மாசம் உங்க பேச்சக் கேட்டுக்கினுதான் இருந்தேன். நீங்களும் அவரும் பட்டினி கெடக்கறதா இருந்தா கெடங்க. எனக்குப் பசிக்குது. என் வூட்டுக்காரர் பக்கத்துலதான் சாப்புடுவேன்."

"நைனா!" என்று சுமதி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். மறந்திருக்கவில்லை. வந்த வேகத்தில் என் மடியில் விழுந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அந்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அப்புறம் விட்டேன். அவள் தலையில் எண்ணெய் வாசனை.

மாமனார் படியிறங்கி வந்தார். பிறகு குனிந்து, என் முன்னால் கிடந்த இலையைத் தன் கையாலேயே எடுத்தார். "எல்லாரும் உள்ள வாங்க. பொழுது போவுது" என்றார்.

ஓட்டில் கடைசி வெயில் இருக்கும்போது நான்கு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து வேக வேகமாகச் சாப்பிட்டோம். எனக்கும் அவருக்கும் நடுவில் சுமதி உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தடவை நான் இருமினேன், மிளகு ரசத்துக்கு. அவர் கை இலைமேல் நின்றது. அப்புறம் மறுபடியும் பிசைந்தது.

விடிந்ததும் மூவருமாகச் செஞ்சிக்குக் கிளம்பினோம். பனி தெருவை மூடியிருந்தது. மாமனார் பஸ் ஏற்றிவிட வருவதாகச் சொல்லித் துண்டைக் காதில் சுற்றப் போனார். பையிலிருந்து மப்ளரை எடுத்து நீட்டினேன். "உங்களுக்குத்தான் போட்டேன் மாமா, ஆஸ்பத்திரியில. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அந்தப் பச்சையைப் பார்த்து அவர் கண்ணை மூடித் திறந்தார். ஒரு விரலால் தொட்டார். அப்புறம் ஐந்து விரலாலும் தடவினார். "இன்னா இது, மல்லாட்டத் தோலு மாரி இருக்குது" என்றார். கழுத்தில் போட்டுக்கொண்டார்.

பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் ஏழெட்டுப் பேர் குளிருக்குக் குந்தியிருந்தார்கள். வெள்ளை வேட்டிக்கு மேலே அந்தக் கிளிப்பச்சை வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "இன்னா நைனாரே, கழுத்துல கிளி வந்து உக்காந்துக்கிச்சா?"

செஞ்சி பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. மாமனார் என்னைப் பார்க்கவில்லை. மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றி, காதை மூடி, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"எங்க மாப்ள போட்டது. காசநோய் ஆஸ்பத்திரியில."